புறநகர் வீட்டுக்காரருக்கு பிக்கப் டிரக் அவசியமா?



டாக்டர் என்றால் சர்க்கரை வியாதியைப் பற்றியோ, இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் எழுத வேண்டும் என்பது நமது செய்தி மடலில் எழுதப்படாத விதி. இந்த முறை அந்த விதியைச் சற்று மீறி, மோட்டார் வண்டியைப் பற்றி எழுத உத்தேசம். கட்டுரை முடிவதற்குள் வைத்தியமும் வந்து சேரும்; பயப்பட வேண்டாம்.

கடந்த சில ஆண்டுகளாக நம் அங்கத்தினர்களில் பலர் பிக்கப் டிரக் வாங்கி வருகிறார்கள். கோயிலில் தரிசனம் முடிந்து பிரசாதத் தட்டோடு நிற்கும்போது, முன்பெல்லாம் எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது எத்தனை பவுண்டு இழுக்கும், எத்தனை சிலிண்டர் என்று பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். என் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. பன்னிரண்டு வருஷம் உழைத்த எங்கள் மினிவேனுக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நேரம். "அப்பா, சொந்த வீடு, தோட்டம், பனி எல்லாம் இருக்கிறது. ஒரு டிரக் வேண்டாமா?" என்றான் மகன். "காரேஜில் அது நுழையுமா என்று முதலில் அளந்து பார்" என்றாள் என் மனைவி.

நோயாளி ஒருவர் "எனக்கு அடிக்கடி தலைவலி வருகிறது, டாக்டர்" என்று சொன்னால், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்வது எங்கள் தொழில் வழக்கம். பல சமயங்களில், தினமும் வருவதாக நினைத்த தலைவலி மாதம் இரண்டு முறைதான் வந்திருக்கும். அதே வைத்தியத்தை எனக்கும் செய்துகொண்டேன். சித்திரை முதல் பங்குனி முடிய ஒரு முழு ஆண்டு, "இப்போது ஒரு டிரக் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றிய ஒவ்வொரு தடவையும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவைத்தேன்.

வருஷ முடிவில் பதினொரு குறிப்புகள் இருந்தன. அவற்றை அப்படியே தருகிறேன்.

வசந்த காலத்தில் செடிகளுக்குப் போடும் மரத்தூள், அதாவது மல்ச், 5 கன கெஜம் தேவைப்பட்டது. புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். கோடைப் புயலில் மேப்பிள் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்தோம். நவராத்திரி கொலுப்படிக்கு ப்ளைவுட் பலகை வேண்டியிருந்தது. கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகளும் பெரிய பாத்திரங்களும் எடுத்துப் போனோம். பழைய சோபாவைக் கழிக்க வேண்டியிருந்தது. தோட்டப் பாதைக்குக் கல் வாங்கினோம். சக டாக்டர் ஒருவர் தம் டிரெட்மில்லை எனக்குக் கொடுத்தார். நிலவறைச் சுவரைச் செப்பனிடப் பலகைகள் தேவைப்பட்டன. ஜனவரியில் எரி ஏரியிலிருந்து வந்த பனி ஒரே இரவில் முழங்கால் அளவு கொட்டிய காலையில், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இவைதாம் பதினொன்று.

இனி இவை எப்படித் தீர்ந்தன என்று பார்ப்போம். மரத்தூளைக் கடைக்காரரே லாரியில் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் பழையதையும் எடுத்துச் சென்றார்கள். தெருவோரம் வைத்த கிளைகளை நகராட்சி ஆட்கள் அள்ளிப் போனார்கள். சோபாவை ஒரு தர்ம ஸ்தாபனம் வந்து எடுத்துக்கொண்டது. சுவர்ப் பலகைகளை வேலைக்கு வந்தவரே தம் வண்டியில் ஏற்றி வந்தார். ஆக, ஐந்து வேலைகளுக்கு நான் வண்டியையே எடுக்கவில்லை. கல்லூரி, கொலு, அன்னதானம் மூன்றும் பழைய மினிவேனிலேயே முடிந்தன. பலகையைக் கடையிலேயே அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். கல்லுக்காக ஒரு டிரக்கை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்தேன்; பெட்ரோல் உட்பட 60 டாலருக்குள் ஆயிற்று. டிரெட்மில்லை ஏற்ற, டிரக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உதவினார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பனி நாளன்று, பனி தள்ளுகிறவர் வரும்வரை அரை மணி காத்திருந்து புறப்பட்டேன்.

ஆக, டிரக் இல்லாமல் நடந்திருக்காது என்று சொல்லக்கூடியவை ஆண்டில் இரண்டே இரண்டு. மற்றவர்கள் வீட்டில் இந்த எண்ணிக்கை கூடலாம், குறையலாம். ஆனால் எண்ணிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. டிரக் சொந்தக்காரர்களிடமே நடத்திய ஆய்வு ஒன்றை ஸ்டிராட்டஜிக் விஷன் என்ற நிறுவனம் வெளியிட்டது. 2019இல் அது பத்திரிகைகளில் வந்தது. அதன்படி நூற்றுக்கு 75 பேர் வருஷத்தில் ஒரு தடவையோ, அதுவும் இல்லாமலோதான் பின்னால் எதையாவது கட்டி இழுக்கிறார்கள். 35 பேர் பின்தட்டில் சாமான் ஏற்றுவதும் அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால், மீதி 65 பேர் சாமான் ஏற்றத்தான் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிரக் வாங்கியவர்கள் எல்லோரும் வீண் ஆடம்பரக்காரர்கள் என்று பேசுவது சரியல்ல.

இந்த வண்டி எப்படி வந்தது என்பதும் சுவாரஸ்யமான கதை. 1925இல் ஃபோர்டு கம்பெனி, தன் மாடல் டி காரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய தட்டைப் பொருத்தி, 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. குடியானவர்களும் சிறு வியாபாரிகளும் வாங்கினார்கள். நெடுங்காலம் அது வேலைக்கார வண்டியாகவே இருந்தது. ஃபுளோரிடாவில் கோரல் கேபிள்ஸ் என்ற வசதியான நகரத்தில், இரவில் வீட்டு வாசலில் பிக்கப் நிறுத்துவதையே தடுத்த விதி இருந்தது. 2012இல் வாக்காளர்கள்தாம் அதைத் தளர்த்தினார்கள். வாசலில் நிற்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட வண்டி, வாசலுக்கே அந்தஸ்து தரும் வண்டியாக மாறியிருக்கிறது. ஃபோர்டு எஃப் வரிசை டிரக்குகள் 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் டிரக்குகள்.

இந்த மாற்றத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன், வெளிநாட்டுப் பிராந்தி முதலிய சில சரக்குகளோடு சிறு டிரக்குகளுக்கும் 25 சதவிகித வரி விதித்தார். பிராந்தி வரி போயிற்று. டிரக் வரி பல பத்தாண்டுகள் நின்றது. வெளிநாட்டுச் சிறு டிரக்குகளின் போட்டி குறைந்தது. பிறகு 1975இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டத்தின் கீழ், கார்களுக்குக் கடுமையான அளவும் டிரக்குகளுக்குத் தளர்ந்த அளவும் வைத்தார்கள். கம்பெனிகளுக்கு டிரக்கில் இலாபம் அதிகம். விளம்பரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவா வேண்டும்?

வண்டியின் உருவமும் மாறிவிட்டது. குடும்பம் உட்காரும் அறை வளர்ந்தது. சாமான் தட்டு குறுகியது. நான்கு கதவு வைத்த சாதாரண குடும்ப டிரக்கில் தட்டின் நீளம் பெரும்பாலும் ஐந்தரை அடிதான். கடையில் விற்கும் ப்ளைவுட் பலகையோ 4 அடிக்கு 8 அடி. பின்கதவைத் தாழ்த்தி, பலகையை வெளியே நீட்டி, கயிறு கட்டித்தான் கொண்டுவர வேண்டும். ஆனால் நடு வரிசை இருக்கையைக் கழற்றவோ மடக்கி உள்ளே தள்ளவோ முடிகிற சில மினிவேன்களில் அதே பலகை மழையில் நனையாமல் உள்ளே படுத்துக்கொண்டு வரும். ஐந்தரை அடித் தட்டில் விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 2 கன கெஜம் மரத்தூள் கொள்ளும். எனக்கு வேண்டியிருந்த 5 கன கெஜத்துக்கு மூன்று நடை. மண்ணாக இருந்தாலோ ஒரு கன கெஜமே 2,000 பவுண்டுக்குக் குறையாது. பல குடும்ப டிரக்குகளின் தாங்கும் திறன், ஆட்களையும் சேர்த்து, அதற்கும் கீழ்தான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கிறது. டிரக் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். முழு அளவு டிரக்கின் சராசரி விலை இன்று 60,000 டாலரைத் தாண்டுகிறது. நான் பார்த்த மினிவேனுக்கும் அதற்கும் 20,000 டாலர் வித்தியாசம். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால், காலனுக்கு 20 மைல் தரும் டிரக் 600 காலன் குடிக்கும். 36 மைல் தரும் ஹைபிரிட் மினிவேன் 333 காலன். காலன் மூன்றேகால் டாலர் என்று வைத்தால், எண்ணெயில் மட்டும் ஆண்டுக்கு 868 டாலர் வித்தியாசம். டிரக்கின் மறுவிற்பனை மதிப்பு நன்றாக நிற்கும் என்பார்கள். சரி, விலை வித்தியாசத்தில் பாதியைத் தள்ளுபடி செய்து, மீதி 10,000 டாலரைப் பத்து வருஷத்துக்குப் பங்கிட்டாலும் ஆண்டுக்கு 1,868 டாலர் ஆகிறது. எனக்கு உண்மையில் டிரக் வேண்டியிருந்தது இரண்டு தடவை. தடவைக்கு 934 டாலர். வாடகை டிரக் 60 டாலர்.

சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். "வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமே!" மொத்த எடை மதிப்பு 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, தொழில் கணக்கில் அதிகப்படியான கழிவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வண்டியைப் பாதிக்கு மேல் தொழிலுக்கு உபயோகிக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளினிக்குப் போய் வருவது தொழில் உபயோகம் ஆகாது. மேலும், தட்டின் நீளம் 6 அடிக்குக் குறைந்தால் அந்தக் கழிவுக்கே தனி உச்சவரம்பு உண்டு. நம்மவர்கள் வாங்கும் ஐந்தரை அடி வண்டி அதில் அகப்படும். உங்கள் கணக்கரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வரி மிச்சப்படுத்துவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்குவது, தள்ளுபடி கிடைக்கிறதென்று தேவையில்லாத ஆபரேஷன் செய்துகொள்வதைப் போன்றது.

இனி, சொன்னபடி வைத்தியத்துக்கு வருகிறேன். உண்மையில் நான் பேனாவை எடுத்ததே இதற்காகத்தான்.

நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து அம்மா, அப்பா, மாமனார், மாமியார் ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள். எழுபது, எண்பது வயது. புடவை கட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு, அந்த உயரத்துக்கு ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சென்ற குளிர்காலத்தில் என் தாயார் ஒரு நண்பரின் டிரக் முன்னால் நின்று, "ஏண்டா, இதுக்கு ஏணி எங்கே வெச்சிருக்கான்?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இருட்டில், உறைந்த பனி மேல், புடவைக் கொசுவம் படியில் மாட்டினால் போதும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் முன்போல் நடப்பதில்லை. டிரக் இருந்தே ஆக வேண்டும் என்றால், பக்கப் படியும், உள்ளே கைப்பிடியும் கட்டாயம் போடுங்கள். பெரியவர்களைக் கோயிலுக்கு அழைத்து வர மற்ற காரை எடுங்கள்.

அடுத்தது குழந்தைகள். அமெரிக்காவில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 2009இல் 4,100 பேர் அளவில் இருந்தார்கள். 2022இல் 7,500ஐத் தாண்டினார்கள். இதற்கு வேகம், வெளிச்சமின்மை, டெலிபோன் என்று காரணங்கள் பல. ஆனால் வண்டியின் முகமும் ஒரு காரணம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் உதவியோடு நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த முகமுள்ள வண்டிகளைவிட, மோதிய பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். தாழ்ந்த கார் காலில் அடிக்கிறது. உயர்ந்த வண்டி மார்பிலும் தலையிலும் அடிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 43 அங்குலம். பெரிய டிரக்கின் முன்னால் அந்தக் குழந்தை நின்றால், ஓட்டுகிறவருக்கு ஒரு முடிகூடத் தெரியாது.

பின்பக்கத்துக்கு ஒரு வழி பிறந்தது, ஒரு தகப்பனாரின் துக்கத்திலிருந்து. 2002இல் நியூயார்க் லாங் ஐலண்டில் குழந்தை வைத்தியர் ஒருவர் தம் வீட்டு வாசலில் பெரிய வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது, அவருடைய இரண்டு வயது மகன் கேமரன் கல்பிரான்சன் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தான். அவர் கவனக்குறைவானவர் அல்ல. கண்ணாடியில் குழந்தை தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரால் சட்டம் வந்து, 2018 மே முதல் புதிய வண்டிகள் அனைத்திலும் பின்பக்கக் காமிரா கட்டாயமாயிற்று. முன்பக்கத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பால விஹார் வகுப்பு விட்டவுடன் நம் குழந்தைகள் எப்படி ஓடிவருகிறார்கள் என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பனிக்கு டிரக் வேண்டாமா என்று மகன் கேட்டான். நான்கு சக்கரத்துக்கும் விசை போனால் வண்டி புறப்படும். நிற்பதற்கு அது உதவாது. நிறுத்துவது டயர்தான். தட்டு காலியாக இருக்கும் டிரக்கின் பின்பக்கம் எடை குறைந்து வழுக்குவதும் உண்டு. நல்ல குளிர்கால டயர் நான்கு வாங்கினால் நம் ஒஹாயோவின் பெரும்பாலான காலைகளுக்குப் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு, டிரெட்மில் ஏற்றி உதவிய நண்பருக்கு வருகிறேன். அவரிடம் என் நாட்காட்டியைக் காட்டி, எனக்கு டிரக் தேவையில்லை என்று நிரூபித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டர் சார், போன வருஷம் என் வீட்டு சாமானைவிட மத்தவங்க வீட்டு சாமானைத்தான் அதிகமா ஏத்தியிருக்கேன். உங்க எல்லாருக்கும் டிரக் தேவையில்லை, ஏன்னா என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயில் விழாவுக்கு நாற்காலிகளும் மேடைப் பலகைகளும் வந்தது யாருடைய வண்டியில்? கல்யாண வீட்டுக்கு மணவறைத் தூண்கள் போனது யாருடைய வண்டியில்? டிரக் வைத்திருப்பவருக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாளே கிடையாது. இரவல் வாங்கியவர்களில் எத்தனை பேர் எண்ணெய் நிரப்பித் திருப்பிக் கொடுத்தோம்?

நான் பிறந்த ஊரிலும் எல்லார் வீட்டிலும் மாட்டு வண்டி இருந்ததில்லை. உழவும் பாரமும் உள்ளவர்கள் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் வேண்டும்போது கேட்டு வாங்கி, கூலியும் மாட்டுக்குத் தீவனமும் கொடுத்தார்கள். கேட்பதில் வெட்கம் இருந்ததில்லை. சும்மா வாங்கிக்கொள்வதில்தான் வெட்கம் இருந்தது.

ஆகவே என் தாழ்மையான அபிப்பிராயம் இது. தோட்டத் தொழில் செய்கிறவர், பனி தள்ளுகிறவர், ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர், படகோ டிரெய்லரோ அடிக்கடி இழுக்கிறவர், தம் கையால் வீட்டையே கட்டித் திருத்துகிறவர், இவர்களுக்கு டிரக் அவசியம். நம்மைப் போல் கால் ஏக்கர் புல்வெளியும் இரண்டு காரேஜும் உள்ள பெரும்பான்மையோருக்கு அது அவசியம் அல்ல, ஆசை. ஆசைப்படுவது குற்றமில்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம், பிடித்த வண்டியை வாங்குகிறார்கள். ஆனால் ஆசையை ஆசை என்றே சொல்லி வாங்கினால், அதன் விலையும் ஆபத்தும் கண்ணுக்குத் தெரியும். அவசியம் என்று சொல்லி வாங்கினால் இரண்டும் மறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஹைபிரிட் மினிவேன் வந்திருக்கிறது. மகனுக்குச் சற்று வருத்தம்தான். சொந்தச் சம்பளத்தில் அவன் டிரக் வாங்கும் நாளில் நான் தடுக்கப் போவதில்லை. அவனும் ஒரு வருஷம் நாட்காட்டியில் குறித்துப் பார்க்கட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது, டிரக்குகளும் பெரிய வண்டிகளும் கோயில் கட்டடத்துக்கு எட்டிய கடைசி வரிசையில், வெளியே பார்த்தபடி பின்னோக்கி நிறுத்தப்பட வேண்டும். புறப்படுமுன் ஓட்டுகிறவர் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, பால விஹார் வகுப்பு முடியும் நேரத்தில் பதினைந்து நிமிஷம் எந்த வண்டியும் நகரக் கூடாது. பெற்றோர்கள் உள்ளே வந்து குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். மூன்றாவது, கோயில் வேலைக்கு டிரக் கொடுக்கும் அன்பர்களுக்கு எண்ணெய்ச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். வீட்டு வேலைக்கு இரவல் வாங்குகிறவர்கள் டாங்கை நிரப்பிக் கொடுப்பது அவரவர் மரியாதை.

முதல் இரண்டுக்கும் செலவு ஒரு காசு இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.